அமெரிக்காவில் கார் இன்சூரன்ஸ்: மாநிலச் சட்டம் கேட்பது என்ன, இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா வந்து, முதல் காரை வாங்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தொகைகளும் அபராதங்களும் அவ்வப்போது மாறுகின்றன. பாலிசி எடுக்கும் நாளில் உங்கள் மாநில மோட்டார் வாகனத் துறையின் (டிஎம்வி) தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே சட்டம்தானா?

இல்லை. கார் இன்சூரன்ஸ் மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று முதலில் சொன்ன மாநிலம் மாசசூசெட்ஸ். அங்கே அது 1927இல் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க், வட கரோலினா போன்றவை முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வழிக்கு வந்தன. நியூ ஹாம்ப்ஷயரில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் கட்டாயம் இல்லை. ஆனால் விபத்து நடந்து தவறு உங்கள் பக்கம் என்றால், இழப்பீட்டை நீங்கள்தான் கட்டியாக வேண்டும். வர்ஜீனியாவில் ஆண்டுக்கு 500 டாலர் கட்டணம் செலுத்திவிட்டு இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்றொரு ஏற்பாடு இருந்தது. அந்த 500 டாலருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது, ஓட்டுவதற்கான அனுமதி மட்டும்தான். 2024 ஜூலை 1ஆம் தேதியோடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

30/60/15 என்று பாலிசியில் எழுதியிருக்கிறதே, அது என்ன?

லயபிலிட்டி வரம்பு. ஆயிரம் டாலர் கணக்கில் படிக்க வேண்டும். உங்கள் தவறால் விபத்து நடந்தால், காயம்பட்ட ஒருவருக்கு உங்கள் கம்பெனி அதிகபட்சம் 30,000 டாலர் கொடுக்கும். எத்தனை பேர் காயம்பட்டாலும் ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000. அடுத்தவர் காருக்கோ வேலிக்கோ மின்கம்பத்துக்கோ ஆன சேதத்துக்கு 15,000.

இந்த மூன்று எண்களிலும் உங்களுக்கோ உங்கள் காருக்கோ ஒரு டாலர்கூட இல்லை. எல்லாமே எதிராளிக்குப் போகும் பணம்.

ஊரில் தேர்டு பார்ட்டி போடுவோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

பெயரளவில் ஒன்றுதான். நம்மவர்கள் மிகவும் ஏமாந்துபோகும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் தேர்டு பார்ட்டி பாலிசி இருந்தால், விபத்தில் ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதனால் "தேர்டு பார்ட்டி போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று ஊரில் நினைப்பதில் ஓரளவு நியாயம் உண்டு.

அமெரிக்காவில் அந்த நினைப்போடு ஓட்டக் கூடாது. இங்கே கம்பெனியின் பொறுப்பு பாலிசியில் எழுதிய எண்ணோடு முடிந்துவிடும். மீதி உங்கள் தலையில். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் குறைந்தபட்ச பாலிசியோடு ஓட்டுகிறீர்கள். சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய், இரண்டு வயதுப் புது எலக்ட்ரிக் கார் ஒன்றின் பக்கவாட்டில் இடித்துவிடுகிறீர்கள். அந்த ஓட்டுநருக்கு இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, நான்கு நாள் ஆஸ்பத்திரி. எல்லாம் சேர்த்து அவருக்கு 1,40,000 டாலர், காருக்கு 45,000 என்று வையுங்கள். உங்கள் கம்பெனி 30,000மும் 15,000மும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மிச்சம் 1,40,000 டாலருக்கு வழக்கு உங்கள் பெயரில் வரும்.

அந்தத் தீர்ப்பை எப்படி வசூலிப்பார்கள் என்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் உண்டு. கலிபோர்னியாவில் சம்பளத்திலிருந்தே ஒரு பகுதியைப் பிடிக்கலாம். தீர்ப்பு பத்து ஆண்டுகள் உயிரோடு இருக்கும், புதுப்பிக்கவும் முடியும். டெக்சாஸில் இப்படிப்பட்ட கடனுக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது, ஆனால் பேங்க் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை எடுத்தால் போலீஸிடமிருந்து தப்பிக்கலாம். உங்கள் சேமிப்பை அது காப்பாற்றாது.

நம்மவர்கள் அதிகம் இருக்கும் மாநிலங்களில் குறைந்தபட்சம் எவ்வளவு?

கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக 15/30/5 என்று இருந்ததை 2025 ஜனவரி 1 முதல் 30/60/15 ஆக உயர்த்தினார்கள். 2035இல் அது 50/100/25 ஆகும். டெக்சாஸில் 30/60/25. நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்டு பாலிசிக்கு 2023இல் 25/50/25, 2026 ஜனவரி 1 முதல் 35/70/25. இல்லினாய் 25/50/20, ஜார்ஜியா 25/50/25, வாஷிங்டன் 25/50/10. வட கரோலினா 2025 ஜூலையில் 50/100/50க்குப் போய்விட்டது. வர்ஜீனியா 50/100/25. பென்சில்வேனியா மட்டும் இன்னும் 15/30/5இல் நிற்கிறது. 5,000 டாலரில் இன்றைக்கு ஒரு காரின் முன்பக்க பம்பரையும் அதிலுள்ள சென்சார்களையும் மாற்றவே இழுபறியாகிவிடும்.

நியூயார்க்கில் 25/50/10, மரணம் என்றால் 50/100. அதோடு, யார் தவறு என்று பார்க்காமல் உங்கள் மருத்துவச் செலவுக்கு 50,000 டாலர் வரை தரும் 'நோ-ஃபால்ட்' பகுதியும் கட்டாயம். ஃபுளோரிடா தனி ரகம். அங்கே உங்கள் சொந்த மருத்துவத்துக்கு 10,000, அடுத்தவர் பொருளுக்கு 10,000 இருந்தால் போதும். அடுத்தவர் உடல் காயத்துக்கான லயபிலிட்டி பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயமே இல்லை. ஃபுளோரிடாவுக்கு மாறிப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை இடிக்கிறவரிடம் உங்கள் காயத்துக்கென்று ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் என்ன தண்டனை?

முதலில் கலிபோர்னியா. முதல் தடவை 100 முதல் 200 டாலர் அபராதம் என்று சட்டம் சொல்லும். இவ்வளவுதானா என்று தோன்றும். அதன்மேல் மாநிலமும் கவுன்ட்டியும் நீதிமன்றமும் சேர்க்கும் கூடுதல் தொகைகளைப் போட்டால் கட்ட வேண்டியது 400 டாலரைத் தாண்டிவிடும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் அடிப்படை அபராதமே 200 முதல் 500. காரை இழுத்துக்கொண்டு போகவும் செய்யலாம். டோ கட்டணமும் நாள் வாடகையும் தனி. விபத்தில் சிக்கி, அப்போது இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்தால் லைசென்ஸை நான்கு ஆண்டு வரை நிறுத்திவைக்க முடியும்.

டெக்சாஸில் முதல் முறை 175 முதல் 350 டாலர், அடுத்து 350 முதல் 1,000. ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த கூடுதல் தண்டத்தொகையை 2019 செப்டம்பரில் ஒழித்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் அது இன்னும் இருப்பதாகப் போட்டிருப்பார்கள், அதை நம்ப வேண்டாம். வாஷிங்டனில் 550 டாலர். இல்லினாயில் குறைந்தது 500.

நியூ ஜெர்சியில் விளையாட்டே கிடையாது. முதல் முறை 300 முதல் 1,000 டாலர் அபராதம், சமூக சேவை, ஓராண்டு வரை லைசென்ஸ் ரத்து. போதாக்குறைக்கு மோட்டார் வாகன ஆணையத்துக்கு ஆண்டுக்கு 250 டாலர் வீதம் மூன்று ஆண்டு கட்ட வேண்டும். இரண்டாம் முறை என்றால் 5,000 டாலர் வரை அபராதம், 14 நாள் ஜெயில், இரண்டு ஆண்டு லைசென்ஸ் கிடையாது. நியூயார்க்கில் 150 முதல் 1,500 டாலர், 15 நாள் வரை ஜெயில், லைசென்ஸும் ரெஜிஸ்ட்ரேஷனும் குறைந்தது ஓராண்டுக்கு ரத்து. லைசென்ஸைத் திரும்ப வாங்க 750 டாலர் தனியாகக் கட்ட வேண்டும்.

மிச்சிகனிலும் ஜார்ஜியாவிலும் இது சிறு போக்குவரத்துத் தவறு அல்ல, குற்றவியல் வழக்கு. இரண்டிலும் ஓராண்டு வரை சிறை என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருப்பவர்கள் அங்கே மாட்டினால், அபராதத்தை ஆன்லைனில் கட்டி ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். வழக்கு முடிந்த பிறகு நீதிமன்றம் தரும் முடிவுத்தாளைப் பத்திரமாக வையுங்கள். பல ஆண்டு கழித்து குடியுரிமைப் படிவம் நிரப்பும்போது அது தேவைப்படும்.

இன்சூரன்ஸ் இருக்கிறது, கார்டுதான் கையில் இல்லை. அதற்கும் டிக்கெட்டா?

டிக்கெட் கொடுப்பார்கள், ஆனால் பயப்பட வேண்டாம். அன்றைய தேதியில் பாலிசி நடப்பில் இருந்தது என்று நீதிமன்றத்தில் காட்டினால் தள்ளுபடியாகிவிடும். கலிபோர்னியாவில் 25 டாலர் கட்டணத்தோடு முடியும். மறுநாள் அவசரமாக எடுத்த பாலிசியைக் காட்டினால் செல்லாது, தேதியைத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் போனில் காட்டினாலும் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் திறக்காது என்பதால் கார்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் நிறுத்தவே இல்லை என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

கம்ப்யூட்டருக்குத் தெரியும். பாலிசி தொடங்குவதையும் முடிவதையும் கம்பெனிகளே மாநிலத்துக்குத் தெரிவித்துவிடுகின்றன. டெக்சாஸில் 'டெக்சாஸ்ஷ்யூர்' என்ற தரவுத்தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டாலே போலீஸுக்குத் தெரிந்துவிடும். கலிபோர்னியாவில் பாலிசி ரத்தாகி 45 நாளுக்குள் புதியது வரவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரேஷனை நிறுத்திவிடுவார்கள். ஆட்டோபே வைத்திருந்த கிரெடிட் கார்டு காலாவதியாகி, பிரீமியம் போகாமல், வீடு மாறியதால் அறிவிப்புக் கடிதமும் பழைய முகவரிக்குப் போய், பாலிசி இறந்தது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வேண்டுமென்றே எடுக்காதவர்களைவிட இப்படி மாட்டுகிறவர்கள்தான் நம்மவர்களில் அதிகம் என்பது என் கணிப்பு. வீடு மாறும்போதும் கார்டு மாறும்போதும் முதலில் பாலிசிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

மூன்று மாதம் ஊருக்குப் போகிறேன். கார் சும்மாதான் நிற்கும். இன்சூரன்ஸை நிறுத்தலாமா?

காரை மட்டும் வைத்துக்கொண்டு பாலிசியை அப்படியே ரத்து செய்யாதீர்கள். கலிபோர்னியாவில், கார் ஓடாது என்று டிஎம்விக்கு முன்கூட்டியே ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதன்பிறகு அந்தக் காரைத் தெருவில் நிறுத்தவும் கூடாது. நியூயார்க்கில் முதலில் நம்பர் பிளேட்டை ஒப்படைக்க வேண்டும், பிறகுதான் பாலிசியை ரத்து செய்ய வேண்டும். வரிசை மாறினால் முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், அடுத்த 30 நாளுக்கு 10, அதற்கடுத்த 30க்கு 12 என்று ஏறும். 90 நாளைத் தாண்டினால் லைசென்ஸுக்கே ஆபத்து.

இதைவிட நல்ல வழி, கம்பெனியைக் கூப்பிட்டு பிரீமியத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கேட்பது. ஊரில் இல்லாததால் ஆண்டுக்கு ஓட்டும் மைல்கள் குறையும் என்பதை உள்ளபடி சொல்லலாம். நின்றிருக்கும் காருக்கென்றே மலிவான ஏற்பாடு வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். நடுவில் இன்சூரன்ஸ் இல்லாத நாட்கள் இருந்தால் அடுத்த பாலிசியின் விலை கூடும்.

எனக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஆனால் இடித்தது அவர்தான், தவறு முழுக்க அவருடையது. எனக்குப் பணம் கிடைக்குமா?

பல மாநிலங்களில் முழுதாகக் கிடைக்காது. அபராதத்தைவிட இது எனக்குப் பெரிய தண்டனையாகத் தெரிகிறது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. கலிபோர்னியாவில் 1996இல் மக்கள் ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய 213ஆம் முன்மொழிவின்படி, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், கார் சேதம் போன்ற பண இழப்பு மட்டும்தான் கிடைக்கும். வலிக்கும் வேதனைக்கும் முடமான வாழ்க்கைக்கும் எதுவும் கேட்க முடியாது. இடித்தவர் குடித்துவிட்டு ஓட்டியதாகத் தண்டனை பெற்றால் மட்டும் விதிவிலக்கு. நியூ ஜெர்சி இன்னும் கடுமை: மருத்துவச் செலவுக்கும் வழக்குப் போட முடியாது. மிச்சிகனில், இன்சூரன்ஸ் போடாத தன் சொந்தக் காரில் அடிபட்டவருக்கு நோ-ஃபால்ட் மருத்துவப் பலன்கள் கிடையாது.

இன்சூரன்ஸ் இல்லாமல் மாட்டிய பிறகு எஸ்ஆர்-22 எடுக்கச் சொல்கிறார்கள். அது எந்த வகை இன்சூரன்ஸ்?

அது இன்சூரன்ஸே இல்லை. "இவருக்கு எங்களிடம் பாலிசி இருக்கிறது, நின்றால் உடனே சொல்கிறோம்" என்று உங்கள் கம்பெனி டிஎம்விக்கு அனுப்பும் சான்று. பல மாநிலங்களில் இதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், டெக்சாஸில் இரண்டு ஆண்டு. அனுப்பும் கட்டணம் சொற்பம், ஆனால் அந்த ஆண்டுகளில் பிரீமியம் எகிறிவிடும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் லைசென்ஸ் மறுபடி முடங்கும்.

லோனில் எடுத்த காருக்கு 'ஃபுல் கவரேஜ்' வேண்டும் என்கிறார்களே?

அது மாநிலச் சட்டம் அல்ல, பேங்கின் நிபந்தனை. உங்கள் காருக்கான கொலிஷன் (மோதலில் ஆகும் சேதத்துக்கு), காம்பிரிஹென்சிவ் (திருட்டு, தீ போன்றவற்றுக்கு) இரண்டையும் சேர்த்துப் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்து எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லயபிலிட்டி குறைந்தபட்சத்திலேயே இருந்தாலும் அதை ஃபுல் கவரேஜ் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் போடாமல் விட்டால் பேங்க் தானே ஒன்றை எடுத்து உங்கள் கணக்கில் ஏற்றும். விலை அதிகம், அது காப்பது பேங்கின் பணத்தை மட்டும்.

அம்மா அப்பா ஆறு மாதம் வந்திருக்கிறார்கள். அப்பா என் காரை ஓட்டலாமா?

லைசென்ஸ் விதி ஒரு பக்கம், இன்சூரன்ஸ் விதி ஒரு பக்கம். பொதுவாக இங்கே இன்சூரன்ஸ் காரைத் தொடர்ந்துதான் போகும். உங்கள் அனுமதியோடு நண்பர் ஒருநாள் ஓட்டினால் உங்கள் பாலிசிதான் முதலில் பொறுப்பு. ஆனால் ஒரே வீட்டில் தங்கியிருக்கும், ஓட்டத் தெரிந்த எல்லோரையும் பாலிசியில் சொல்லிவிட வேண்டும் என்று கம்பெனிகள் எதிர்பார்க்கின்றன. ஆறு மாதம் இருப்பவரை விருந்தாளி என்று அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்பா கடைக்குப் போய்வர மட்டும்தான் ஓட்டுவார் என்றாலும், வந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மனைவி அல்லது கணவர் புதிதாக லைசென்ஸ் எடுத்தாலும் அதேதான். பிரீமியம் ஏறுமே என்று மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் கைவிரித்துவிடுவார்கள்.

பிரீமியம் கட்டுபடியாகவில்லை. வேறு வழி உண்டா?

மாணவர்களும் ஒரே வருமானக் குடும்பங்களும் கேட்கிற நியாயமான கேள்வி இது. புதிதாக வந்தவருக்கு இங்கே கிரெடிட் வரலாறு இல்லாததால் பல மாநிலங்களில் விலை கூடுதலாக வரும். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் மாநிலங்களில் கிரெடிட் ஸ்கோரை வைத்து கார் இன்சூரன்ஸ் விலை போடக் கூடாது.

கலிபோர்னியாவில் வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலமே நடத்தும் மலிவு பாலிசி ஒன்று இருக்கிறது. வரம்பு 10/20/3தான், ஆனால் சட்டப்படி செல்லும். நியூ ஜெர்சியில் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர், அதாவது ஆண்டுக்கு 365 டாலரில் ஒரு பாலிசி உண்டு. அது முக்கியமாக விபத்துக்குப் பின் உங்கள் அவசர சிகிச்சைக்குத்தான். நீங்கள் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு ஒன்றும் தராது.

இது எதுவும் பொருந்தவில்லை என்றால், உங்கள் காருக்கான கொலிஷனைக் கைவிடுவதைப் பற்றி யோசியுங்கள். 3,000 டாலர் பெறுமான பழைய காருக்கு அது அவசியமில்லை. லயபிலிட்டியை மட்டும் குறைக்காதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு எடுப்பது சரி?

கையில் சேமிப்பும் நிலையான வேலையும் உள்ளவர்களுக்கு 100/300/100க்குக் கீழே நான் சொல்ல மாட்டேன். குறைந்தபட்சத்துக்கும் இதற்கும் பிரீமியத்தில் உள்ள வித்தியாசம், கிடைக்கும் பாதுகாப்போடு பார்த்தால் சிறியது. இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். சொந்த வீடு வாங்கிவிட்டால் 250/500க்கு ஏற்றி, அந்த வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும் 'அம்ப்ரெல்லா' பாலிசியும் பத்து லட்சம் டாலருக்கு எடுங்கள்.

இன்னொன்று, அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் பகுதி. இன்சூரன்ஸ் இல்லாத ஒருவர் இடித்து உங்களுக்குக் காயம்பட்டால் உங்கள் கம்பெனியே பணம் தரும் பகுதி இது. பல மாநிலங்களில் கையெழுத்துப் போட்டு இதை வேண்டாம் என்று சொல்லலாம், ஆன்லைனில் விலை குறைய வேண்டும் என்று பலர் அதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ ஏழு ஓட்டுநர்களில் ஒருவருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பது காப்பீட்டு ஆய்வுக் குழுவின் மதிப்பீடு. உங்கள் லயபிலிட்டி வரம்பு எவ்வளவோ அதே அளவுக்கு இதையும் வையுங்கள்.

இன்சூரன்ஸ் இல்லாத ஒருவர் என்னை இடித்துவிட்டார். அந்த நேரத்தில் என்ன செய்வது?

போலீஸைக் கூப்பிடுங்கள். "நூறு, இருநூறு டாலர் தருகிறேன், போலீஸ் வேண்டாம்" என்று கெஞ்சுவார். பாவமாக இருக்கும், ஆனாலும் கூப்பிடுங்கள். ரிப்போர்ட் இல்லாமல் உங்கள் கம்பெனியிடம் கிளெய்ம் நிற்பது கஷ்டம். நம்பர் பிளேட், அவர் லைசென்ஸ், இரண்டு கார்களும் நிற்கும் நிலை, தெருப் பலகை எல்லாவற்றையும் படம் எடுங்கள். பார்த்தவர்களின் போன் நம்பரை வாங்குங்கள். கழுத்து வலி மறுநாள்தான் தெரியும் என்பதால், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று யாரிடமும் சொல்லவோ எழுதிக் கொடுக்கவோ வேண்டாம்.

அன்றே உங்கள் கம்பெனிக்குச் சொல்லி, அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் பகுதியில் கிளெய்ம் போடுங்கள். காருக்கு உங்கள் கொலிஷன் கைகொடுக்கும், நீங்கள் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை போக. கலிபோர்னியாவில் யாருக்காவது காயம் என்றாலோ சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, தவறு யாருடையதாக இருந்தாலும் பத்து நாளுக்குள் எஸ்ஆர்-1 என்ற படிவத்தை டிஎம்விக்கு அனுப்ப வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் அதற்கு ஈடாகாது. அனுப்பாமல் விட்டால், இடிவாங்கிய உங்கள் லைசென்ஸும் நிறுத்தப்படலாம்.